சொல்லும் பொருளும் ஒன்றாகும் இடம்: ஆதி மனநிலைகளும் உளப்பகுப்பாய்வு முறையின் வரலாறும்

தமிழில் 'பொருள்' என்னும் சொல் இருவகையாக வழங்குகிறது. ஒரு சொல்லால் உணர்த்தப்படும் கருத்தும் பொருளே. கையால் எடுத்து வைக்கத்தக்க பண்டமும் பொருளே. வழக்கில் இவ்விரண்டும் குழம்புவதில்லை. நெருப்பு என்று சொல்வதனால் வாய் வெந்துவிடாது என்பதைப் பேசத் தொடங்கிய குழந்தையும் அறியும். ஆயினும் சொன்ன மாத்திரத்தில் வாய் வெந்துபோவதாகவே உணரும் மனநிலைகள் உள்ளன. மனச்சிதைவு நோயாளரிடத்தும் வேறு சில கடுமையான மனநோயாளரிடத்தும் சொல், தான் குறிக்கும் பண்டமாகவே மாறிவிடுகிறது. உளப்பகுப்பாய்வோ பேச்சையே கருவியாகக் கொண்ட மருத்துவம். பேச்சு சிதைந்துபோன இடத்தில் பேச்சினால் மருத்துவம் செய்வது எங்ஙனம் என்னும் வினா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தது. அதற்குக் கூறப்பட்ட விடைகள் மருத்துவ வரலாற்றைச் சார்ந்தவை மட்டுமல்ல. மொழி வரலாற்றையும் சார்ந்தவை.

இம்மனநிலைகளை ஆங்கில நூல்கள் 'பிரிமிட்டிவ்' என்னும் அடைமொழியால் குறிக்கின்றன. இச்சொல் ஒரு பழைய சுமையைத் தாங்கி நிற்பது. குழந்தை, நோயாளி, பழங்குடி மனிதர் ஆகிய மூவரையும் ஒரே வரிசையில் வைத்த 19ஆம் நூற்றாண்டுப் பரிணாமச் சிந்தனையின் எச்சம் அது. ஃபிராய்டின் 1913ஆம் ஆண்டு நூலாகிய 'குலக்குறியும் விலக்கும்' இவ்வரிசையை ஏற்றுக்கொண்டே எழுதப்பட்டது. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கில இராணுவ மருத்துவரான ஓவன் பெர்க்லி-ஹில் 1921இல் இந்துக்களின் சமயத்தையும் பண்பையும் குழந்தைப் பருவத்துக் கழிவுணர்ச்சிகளோடு பொருத்தி எழுதிய கட்டுரை, அச்சிந்தனை எங்குக் கொண்டுவிடும் என்பதற்குச் சான்றாகும். அதற்கு அடுத்த ஆண்டிலேயே கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தோற்றுவித்தார். பெர்க்லி-ஹில்லும் அதில் உறுப்பினராக இருந்தார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஆகவே இங்கு 'ஆதி மனநிலை' என்பது எந்த இனத்தையும் குறிக்காது. சொல் தோன்றுமுன் ஒவ்வொரு மனிதரும் வாழ்ந்த பருவத்தின் மனநிலையையே குறிக்கும்.

ஃபிராய்டு இத்துறைக்கு ஏட்டின் வழியாகவே வந்தார். சாக்சனி நாட்டு நீதிபதி டேனியல் பால் ஷ்ரேபர் தம் மனநோயைக் குறித்துத் தாமே எழுதி 1903இல் வெளியிட்ட நூலை அவர் 1911இல் ஆராய்ந்தார். ஷ்ரேபரை அவர் நேரில் கண்டதில்லை. நோயாளியின் பிதற்றல் பொருளற்றதன்று என்பதும், அது சிதைந்த உலகை மீண்டும் கட்டிக்கொள்ளும் முயற்சி என்பதும் அவ்வாராய்ச்சியின் பெரும்பேறுகள். எனினும் 1914இல் எழுதிய கட்டுரையிலும் பின்னர் 1916-17இல் வெளிவந்த அறிமுகச் சொற்பொழிவுகளிலும் ஃபிராய்டு ஒரு கதவை அடைத்தார். நோயாளி தம் இளமைக்கால உறவுகளின் உணர்ச்சிகளை மருத்துவர்மேல் ஏற்றி வாழ்வதே 'உணர்வு மாற்றம்'. உளப்பகுப்பாய்வின் அச்சாணி அதுவே. மனச்சிதைவு நோயாளர் வெளியுலகிலிருந்து பற்றை முழுவதும் விலக்கிக்கொண்டவர். அவரிடம் உணர்வு மாற்றம் நிகழாது. ஆகவே இம்மருத்துவம் அவருக்கு உதவாது என்பது அவர் முடிபு.

இம்முடிபுக்கு ஒரு மொழியியல் அடிப்படையும் உண்டு. 1915இல் எழுதிய 'நனவிலி' என்னும் கட்டுரையின் இறுதிப் பகுதியில் ஃபிராய்டு, விக்டர் டவுஸ்க் என்பவரின் நோயாளியான ஓர் இளம்பெண்ணைக் குறிப்பிடுகிறார். காதலனோடு பூசலிட்டபின் அப்பெண் தன் கண்கள் சரியாக இல்லை, திருகிப்போயின என்று முறையிட்டாள். ஜெர்மன் மொழியில் ஏமாற்றுக்காரனைக் 'கண்ணைத் திருகுபவன்' என்பது மரபு. தமிழில் கண்ணில் மண்ணைத் தூவினான் என்று ஏமாற்றப்பட்டவர் சொல்வது போன்றது இது. நம்மவர் அவ்வாறு சொல்லிவிட்டுக் கண்ணைக் கழுவப் போவதில்லை; அப்பெண்ணுக்கோ கண் உண்மையாகவே திருகிக்கொண்டது. மரபுத்தொடரில் மறைந்துகிடந்த பண்டம் உயிர்பெற்றெழுந்து உடலைப் பற்றிக்கொண்டது. இந்நோயாளர் சொற்களைப் பண்டங்களாகக் கையாளுகின்றனர் என்று ஃபிராய்டு வகுத்தார். கண்டறிந்தது நுட்பமானது, ஆனால் அதிலிருந்து மருத்துவ முறை எதனையும் அவர் உருவாக்கவில்லை. அங்கேரி மருத்துவர் இஸ்த்வான் ஹொல்லோஷுக்கு 1928இல் எழுதிய மடலில், இத்தகைய நோயாளரைத் தமக்குப் பிடிக்கவில்லை என்றும், அவர்கள் தம்மிடமிருந்து வெகுதொலைவில் இருப்பதே காரணம் என்றும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். கோட்பாட்டின் முடிபாகக் கூறப்பட்டது ஓரளவு மனச்சோர்வின் முடிபும் ஆகும் என்பதை இம்மடல் காட்டிவிடுகிறது.

அடைத்த கதவைத் திறந்தவர் மருத்துவப் பட்டம் பெறாத ஒரு பெண்மணி. வியன்னாவில் 1882இல் பிறந்த மெலனி கிளைன், புடாபெஸ்டில் ஃபெரென்சியிடமும் பெர்லினில் கார்ல் ஆபிரகாமிடமும் பகுப்பாய்வுக்கு உட்பட்டு, 1926இல் லண்டனில் குடியேறினார். குழந்தைகளின் விளையாட்டைப் பேச்சாகக் கொண்டு பொருள் கூறும் முறை அவருடையது. 1929இல் அவரிடம் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அழைத்துவரப்பட்டான். கிளைனின் எழுத்துகளில் அவன் பெயர் டிக். ஒன்றரை வயதுக்கு மேற்படாத குழந்தையின் சொல்வளமே அவனிடம் இருந்தது. தாயின் வரவும் செவிலியின் செலவும் அவனுக்கு ஒன்றே. அடிபட்டால் அழமாட்டான், ஆறுதல் தேடமாட்டான். புகைவண்டி, நிலையம், கதவு, கதவுக்குமிழ் ஆகியவற்றில் மட்டும் அவனுக்கு நாட்டம் இருந்தது. செவிலி அவனை அறையில் விட்டுச் சென்றபோது, கிளைனும் ஒரு மேசை நாற்காலி என்பதுபோல் அவரைச் சுற்றி ஓடினான்.

வேறு குழந்தைகளிடம் கிளைன் காத்திருப்பார். விளையாட்டில் ஒரு கருத்து பலமுறை வெளிப்பட்ட பின்னரே பொருள் கூறுவார். இங்குக் காத்திருப்பதற்கு விளையாட்டே இல்லை. ஆகவே அவர் தம் நெறியை மீறினார். ஒரு பெரிய பொம்மை வண்டியையும் ஒரு சிறிய பொம்மை வண்டியையும் எடுத்துப் பெரியதற்குத் தந்தை என்றும் சிறியதற்கு டிக் என்றும் பெயரிட்டார். சிறுவன் சிறிய வண்டியைச் சன்னல்வரை உருட்டிச் சென்று நிலையம் என்றான். நிலையம் தாய், டிக் தாய்க்குள் போகிறான் என்றார் கிளைன். அவன் வண்டியை விட்டுவிட்டு இரட்டைக் கதவுகளின் இடைவெளிக்குள் ஓடிப் புகுந்துகொண்டு இருட்டு என்றான். உடனே வெளியே ஓடிவந்தான். இது பலமுறை நிகழ்ந்தது. தாயின் உள்ளே இருட்டு என்று கிளைன் சொல்லிக்கொண்டிருக்கையில் அவன் கேட்ட குரலில் செவிலியின் பெயரைச் சொன்னான். செவிலி விரைவில் வருவாள் என்ற விடையை அவன் திருப்பிச் சொன்னான். பின்னர் அச்சொற்களைத் தக்க இடத்தில் தானே பயன்படுத்தினான்.

1930இல் அச்சான இந்நிகழ்ச்சிப் பதிவு இத்துறையின் தொடக்க ஆவணம் எனலாம். அதனை எவ்வாறு படிப்பது என்பதில் ஒருமைப்பாடு இல்லை. தாயின் உடலைத் தாக்க விழையும் தன் விருப்பத்தைக் கண்டே அஞ்சி, அச்சிறுவன் குறியீட்டு ஆற்றலை முடக்கிக்கொண்டான் என்பது கிளைனின் விளக்கம். பிரெஞ்சுப் பகுப்பாய்வாளர் லக்கான் 1954இல் தம் கருத்தரங்கில் இப்பதிவை எடுத்துக்கொண்டு, கிளைன் ஆயத்தமான ஒரு கதையைச் சிறுவன்மீது முரட்டுத்தனமாக ஒட்டவைத்தார் என்று கூறியதோடு, அம்முரட்டுத்தனமே அவனுக்கு மொழியைத் தந்தது என்றும் வியந்தார். லியோ கேனர் 1943இல் தன்மயநோயை, அஃதாவது ஆட்டிசத்தை வரையறுத்த பின்னர், டிக்கின் நோய் அதுவே என்பார் பலர். எவ்வாறாயினும், தாயின் உள்ளிடம் பற்றிய பொருளுரை அந்நான்கு வயதுச் சிறுவனுக்கு விளங்கியிருக்கும் என்று நம்புவது கடினம். ஒருவர் அவனுக்கு எதிரே அமர்ந்து, அவன் கையிலிருந்த பண்டத்துக்கு அவன் பெயரையே இட்டார். அவன் போகும் இடத்துக்கெல்லாம் தம் சொல்லையும் உடன் அனுப்பினார். இல்லாத ஒருத்தியைப் பெயர் சொல்லித் தேடும் வினா அதன்பின் பிறந்தது. கிளைன் தம் வெற்றிக்குக் கருத்தையே காரணமாகக் கருதினார். காரணம் பெரிதும் செயலில் இருந்திருத்தல் கூடும்.

கிளைனின் அடுத்த பெருங்கட்டுரை 1946இல் வந்தது. குழந்தை தன் அச்சங்களையும் வெறுப்பையும் பிளந்தெடுத்துத் தாயிடம் ஏற்றிவிட்டு, பின்னர் தாயையே அவ்வெறுப்பின் உருவாகக் காண்பதை அவர் அதில் விளக்கினார். இதற்குப் 'புறத்தேற்ற ஒன்றிப்பு' என்னும் கலைச்சொல் வழங்கலாயிற்று. இக்கருத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, நாடிழந்து லண்டன் சேர்ந்த இருவர் மனச்சிதைவு நோயாளரிடம் நேரே சென்றனர். நாஜி ஆட்சியில் நியூரம்பெர்க் நகரைவிட்டு வந்த ஹெர்பர்ட் ரோசென்ஃபெல்டு 1947இலும், போலந்தில் பிறந்த ஹன்னா சீகல் 1950இலும் தம் மருத்துவ அனுபவங்களை வெளியிட்டனர். மருந்துகள் தோன்றாத காலம் அது. இன்சுலின் மயக்கம், மின்னதிர்ச்சி, மூளையின் முன்பகுதி நரம்புகளை அறுத்தல் ஆகியவையே மருத்துவமனைகளில் நடந்தன. இக்கடைசி முறையைக் கண்ட எகாஸ் மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசும் கிடைத்தது. அத்தகைய காலத்தில், இந்நோயாளரோடு பேசலாம், அவர் பேச்சுக்குப் பொருளுண்டு என்று சொல்வதே ஒரு நிலைப்பாடு. அறிவுரையும் ஆறுதலும் கலவாமல், ஏனையோருக்குப் போன்றே பொருள் கூறும் முறையை மட்டும் கொண்டு மருத்துவம் செய்ய முடியும் என்றும், உணர்வு மாற்றம் இங்கும் நிகழ்கிறது, அதுவும் மிகக் கடுமையாக நிகழ்கிறது என்றும் அவர்கள் காட்டினர்.

சீகல் 1957இல் எழுதிய குறியீட்டாக்கம் பற்றிய கட்டுரை மொழி ஆய்வாளர் அவசியம் அறிய வேண்டியது. அதில் வரும் நோயாளர் ஒருவர் ஒருநாள் முகம் சிவந்து நகைத்தவாறு வந்து, பேச மறுத்தார். மருத்துவமனைத் தச்சுக்கூடத்தில் அவர் ஒரு 'ஸ்டூல்' செய்துகொண்டிருந்தார் என்பது பின்னர்த் தெரிந்தது. அச்சொல் ஆங்கிலத்தில் முக்காலியையும் மலத்தையும் குறிக்கும் என்பது மருத்துவச் சோதனைக்கூடம் சென்ற நம்மவர்க்கும் தெரிந்ததே. இருபொருள் ஒருசொல் பிறருக்குச் சிலேடை; அவருக்கோ மரமும் சொல்லும் மலமும் ஒன்றேயாயின. அதைப் பற்றிப் பேசுவது அதையே மருத்துவர் முன் வைப்பதாகும். இந்நிலையைச் சீகல் 'குறியீட்டுச் சமன்பாடு' என்றார். குறியீடு என்பதற்கு மூன்று வேண்டும்: குறி, குறிக்கப்படும் பண்டம், இவ்விரண்டையும் தொடர்புபடுத்தும் மனம். நோயாளரின் ஒரு பகுதி பிறிதொன்றில் கலந்துவிட்டபோது மூன்றாமது மறைகிறது. எஞ்சிய இரண்டும் ஒன்றாகின்றன.

இக்கண்டுபிடிப்பு சீகலின் முறைக்கே இடையூறாக அமைந்தது என்பது போதிய அளவு எடுத்துப் பேசப்படவில்லை. நோயாளர்க்குத் தம் சொல் பண்டமாயின், மருத்துவர் சொல்லும் பண்டமே. பொருளுரை அவர் செவியில் கருத்தாக விழாமல் கல்லாக விழலாம். ஊட்டப்படும் நஞ்சாகவும் ஆகலாம். இவ்வையம் வேறொரு மரபில் முன்னரே தோன்றியிருந்தது. சாண்டோர் ஃபெரென்சி 1932இல் வீஸ்பாடன் மாநாட்டில் படித்த கட்டுரை, பெரியவர் மொழியும் குழந்தை மொழியும் ஒன்றையொன்று பிறழ உணர்தலைப் பற்றியதே. அவர் மாணவர் மைக்கேல் பாலின்ட் 1968இல் வெளியிட்ட 'அடிப்படைப் பிழை' என்னும் நூலில், ஆதிநிலைக்குச் சென்ற நோயாளரிடம் வயதுவந்தோர் மொழி தன் வழக்கமான பொருளை இழக்கிறது, அங்குப் பொருள் கூறுதல் தாக்குதலாகவே கொள்ளப்படலாம் என்று தெளிவாகச் சொன்னார். வியன்னாவின் பால் ஃபெடர்ன் சாய்விருக்கையையும் தடையற்ற பேச்சையும் தவிர்த்து, நல்லுறவைப் பேணிக் காப்பதையே முதன்மையாக்கினார். குழந்தை மருத்துவரான வின்னிகாட், மருத்துவர் சொல்லைவிட அறையின் மாறாத ஒழுங்கையே தாயின் கைகளுக்கு ஒப்பிட்டார். மருத்துவருக்கு நோயாளர்மீது எழும் வெறுப்பையும் 1947ஆம் ஆண்டுக் கட்டுரையில் மறைக்காமல் எழுதினார். பவுலா ஹைமன் 1950இல் மருத்துவருக்குள் எழும் உணர்ச்சியும் நோயாளரை அறியும் கருவியே என்றபோது, அதனை ஏற்காதவருள் கிளைனும் ஒருவர்.

இவ்விரு போக்குகளும் வில்ஃப்ரெட் பியோனிடம் சந்தித்தன. அவர் 1897இல் மதுராவில், நீர்ப்பாசனப் பொறியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து ஆயாவிடம் வளர்ந்து, எட்டு வயதில் இங்கிலாந்துப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்; பின்னர் இந்தியாவைக் காணவில்லை. அவர் மறைவுக்குப் பின் 1982இல் வந்த தன்வரலாற்றில், மின்சாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒரு நகரத்தின் பெயராகக் கேட்டு மயங்கிய சிறுவனைக் காணலாம். பெரியவர் வாய்ச்சொல் குழந்தைக்கு எவ்வாறு ஓர் ஊராக எழுந்து நிற்கும் என்பதை அவர் கோட்பாட்டுக்கு முன்னரே அறிந்திருந்தார். முதல் உலகப்போரில் காம்ப்ரே களத்தில் பீரங்கி வண்டிப் படையில் போரிட்டுப் பதக்கம் பெற்ற அவர், இரண்டாம் உலகப்போருக்குப் பின் கிளைனிடம் பகுப்பாய்வுக்கு உட்பட்டார்.

1953இல் லண்டன் மாநாட்டில் பியோன் படித்த கட்டுரை, மனச்சிதைவு நோயாளர் மொழியை மூவகையாகக் கையாளுகின்றனர் என்றது: செயலாக, செய்தி உணர்த்தும் வழியாக, சிந்தனையாக. சிந்திக்க வேண்டிய இடத்தில் செயல்படுவதும், செயல்பட வேண்டிய இடத்தில் சிந்தனையால் முடித்துவிட முயல்வதும் அவர்தம் இயல்பு. இதன்பின் மருத்துவர் கேட்க வேண்டிய வினா மாறிவிட்டது. நோயாளர் சொன்னதன் பொருள் யாது என்பது மட்டுமன்று, அச்சொல்லால் அவர் தமக்கு என்ன செய்கிறார் என்பதும் கேட்கப்படலாயிற்று. 1959இல் அச்சான இணைப்புகளின் மீதான தாக்குதல் பற்றிய கட்டுரையில், திக்கித் திக்கி ஒரு தொடரையே ஒன்றரை நிமிடம் வரை நீட்டிய நோயாளர் ஒருவர் வருகிறார். இருவரையும் பிணைக்கும் கயிறாகிய பேச்சையே அவர் அறுக்கிறார் எனப் பியோன் கொண்டார்.

அக்கட்டுரையின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. ஒரு நோயாளர் தம்மால் தாங்கவியலாத மரண அச்சத்தை மருத்துவரிடம் ஏற்றினார். அது அங்குச் சற்றுநேரம் தங்கினால் தாங்கத்தக்கதாக மாறித் திரும்பிவரும் என்பது அவர் நம்பிக்கை. பியோன் அதனை விரைந்து தள்ளிவிட்டதாக அவர் உணர்ந்தபோதெல்லாம் மேலும் வன்மையாகத் திணித்தார். இதிலிருந்து பியோன் ஒரு தாயை ஊகித்தார்: கடமை தவறாதவள், ஆனால் குழந்தையின் அழுகையில் உள்ள அச்சத்தைத் தான் உணராதவள். கிளைன் தற்காப்பாகக் கண்ட புறத்தேற்றம் இங்கு முதல் பேச்சாகிவிட்டது. ஏற்றுத் தாங்கி, மென்று தருவதுபோல் மாற்றித் தருதலே தாயின் பணி. அதுவே மருத்துவரின் பணியும் ஆயிற்று. இப்பணிக்கு 1962இல் பெயரிட நேர்ந்தபோது கிரேக்க நெடுங்கணக்கின் முதலெழுத்தாகிய ஆல்ஃபாவை மட்டும் இட்டார். பழஞ்சொல் பழங்கருத்தை உடன்கொண்டு வரும் என்னும் எச்சரிக்கையே காரணம். மேலும், மனப்பிறழ்ந்த பகுதியும் பிறழாத பகுதியும் ஒருவரிடமே உண்டு என்று 1957இல் அவர் வகுத்தமை, நோயாளரையும் பிறரையும் பிரித்த சுவரைத் தாழ்த்தியது.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூற வேண்டும். 1952இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் மருந்தின் பயன் வெளிப்பட்டது. கலிஃபோர்னியாவின் கமரிலோ அரசு மருத்துவமனையில் 228 நோயாளரைக் கொண்டு பிலிப் மே செய்து 1968இல் வெளியிட்ட ஆய்வு, மருந்தின் பயன் தெளிவு என்றும், மருந்தின்றிப் பேச்சு மருத்துவம் மட்டும் தந்த பயன் சொற்பம் என்றும் காட்டியது. மருத்துவம் செய்தவர் பலரும் அனுபவம் குறைந்தவர் என்ற மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அம்மறுப்பால் ஆய்வு முடிபு நீங்கிவிடவில்லை. அதனினும் கொடியது, மேரிலாந்தின் செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனையில் அரும்பணி ஆற்றிய ஃபிரீடா ஃபிராம்-ரைக்மன் 1948இல் வழங்கிய ஒரு தொடர்: மனச்சிதைவை விளைவிக்கும் தாய் என்பது. நோயுற்ற மகனையோ மகளையோ அழைத்துவந்த தாயர் ஒரு தலைமுறைக்காலம் குற்றவாளிகளாக நோக்கப்பட்டனர். அறையில் ஊகிக்கப்பட்ட தாயை வீட்டில் உள்ள தாயாகவே கொண்டுவிட்டது, குறியையும் பண்டத்தையும் ஒன்றாக்கிய அதே மயக்கமன்றோ!

பேச்சு மருத்துவத்துக்கு உரிய இடம் இன்று மருந்தின் துணையோடும், மனச்சிதைவைவிட எல்லைநிலை ஆளுமை நோயாளரிடமும் தன்மயநோய்க் குழந்தைகளிடமும் மிகுதியாகவும் அமைந்துள்ளது. முறையின் திருத்தமோ உள்ளிருந்தே வந்தது. ரோசென்ஃபெல்டு 1986இல் மறைந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவர் நூல், மருத்துவம் தடைபட்டு நிற்பதற்கு நோயாளரின் பகைமையே காரணம் என்று கொள்ளாமல், மருத்துவரின் செவிட்டுத்தன்மையையும் தேடிப் பார்க்கச் சொன்னது. இளமையில் காயப்பட்டவரிடம் அவர்தம் தாக்குதலை மீளமீளச் சுட்டுவது அக்காயத்தையே மீண்டும் உண்டாக்கும் என்றார். நாற்பதாண்டுகளுக்கு முன் பொருளுரையின் வன்மையை நிறுவியவரின் வாக்கு இது. ஜான் ஸ்டைனர் 1993இல் இதனை ஓர் இலக்கண வேறுபாடாகவே வகுத்தார். 'நீங்கள் இவ்வாறு செய்கிறீர்கள்' என்று எழுவாயை நோயாளரிடம் வைப்பது ஒருவகை. 'நான் இவ்வாறு செய்வதாக நீங்கள் உணர்கிறீர்கள்' என்று மருத்துவரிடம் வைப்பது மற்றொருவகை. தம்மை அறிந்துகொள்ளும் வலிமையற்ற நிலையில் உள்ளவர்க்கு முன்னது பழிச்சொல்லாகிறது. தாம் உணரப்படுகிறோம் என்பதைப் பின்னது தெரிவிக்கிறது.

லண்டனில் குழந்தைகளிடம் பணியாற்றிய ஆன் ஆல்வரெஸ் இன்னும் ஒருபடி கீழே சென்றார். 'ஏன்' என்பதற்குக் காரணம் கூறுதல் ஒரு நிலை. அதற்கு முன், 'இன்னது' என உணர்ச்சிக்கு உருக்கொடுத்தல் ஒரு நிலை. அதற்கும் முன், அழைத்தல் மட்டுமே உள்ள நிலை என 2012ஆம் ஆண்டு நூலில் பிரித்தார். தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஆயத்தமான பெயர் உண்டு: விளி. எதையும் கூறாமல் ஒருவரைத் தன்பக்கம் திருப்புவதே அவ்வேற்றுமையின் வேலை. 1992இல் வெளிவந்த அவருடைய முதல் நூலில் ராபி என்னும் பெயரால் குறிக்கப்படும் சிறுவன் தன்மயநோயில் வெகுதொலைவு சென்றுவிட்டவன். அவன் விலகிச் செல்வதன் காரணத்தை எடுத்துரைத்துப் பயனில்லை என்று உணர்ந்த ஒருநாள், ஆல்வரெஸ் தம் முகத்தை அவன் பார்வைக்கு நேரே கொண்டுவந்து பெயர் சொல்லி அழைத்தார். அவன் திரும்பி அவரைப் பார்த்தான்.